ஹெரோயின் சிகிச்சை பலன் தருகிறதா? மட்டக்களப்பு, அம்பாறை கிளினிக்குகளுக்கான முழுமையான அளவீட்டு வழிகாட்டி

உதாரணத்துக்கு ஒரு கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். ஹெரோயின் பாவனையிலிருந்து மீள வந்த 40 பேரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. 12 கிழமை கழித்து 20 பேர் சிறுநீர் மாதிரி கொடுக்கிறார்கள். அதில் 15 பேருடையது நெகட்டிவ். "75 வீதம் வெற்றி" என்று அறிக்கை எழுதினால் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் மற்ற 20 பேர் எங்கே போனார்கள்? அவர்களையும் கணக்கில் எடுத்தால் அந்த 15 பேர் 37.5 வீதம் மட்டுமே.

சிகிச்சை பலன் தந்ததா என்பதற்கு நேர்மையான விடை வேண்டுமென்றால், கிளினிக்குக்கு வந்து நிற்பவரை மட்டும் எண்ணினால் போதாது. தொடங்கிய ஒவ்வொருவரையும் எண்ண வேண்டும். அந்த வேலை மூன்றாம் மாதம் அறிக்கை எழுதும் மேசையில் தொடங்குவதில்லை, நோயாளி முதல் நாள் வந்து உட்காரும் கதிரையில் தொடங்குகிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய இடத்தின் மனநலப் பிரிவுக்கும், களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று போன்ற ஆதார வைத்தியசாலைகளுக்கும், பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தருக்கும், தனியார் புனர்வாழ்வு நிலையங்களுக்கும் கீழே உள்ள முறை பொருந்தும். ஒரு தாதி, ஒரு உளவளத்துணையாளர், ஒரு கணினி இருந்தாலே செய்து முடிக்கலாம்.

எதை அளப்பது

"விட்டுட்டாரா, விடலையா" என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றுவிடும் இடங்கள் அதிகம். ஓபியாயிட் (ஹெரோயின் உட்பட்ட அபின் வகை மருந்துகள்) தங்கியிருத்தல் திரும்பத் திரும்ப வரக்கூடிய நாட்பட்ட நிலை. மாதத்தில் 28 நாளும் எடுத்த ஒருவர் 3 நாளாகக் குறைத்து, ஊசியை விட்டு, கடலுக்கோ வயலுக்கோ திரும்பியிருந்தால் அது பெரிய முன்னேற்றம். முற்றாக விட்டாரா என்று மட்டும் பார்க்கும் கிளினிக் அவரைத் தோல்விப் பட்டியலில் போட்டுவிடும். மறுபக்கம், ஹெரோயினை விட்டு ட்ரமடோல் வலிக்குளிசைக்கோ ஐஸுக்கோ (மெத்தம்பெட்டமின்) மாறியவர் அதே கிளினிக்கில் வெற்றியாகப் பதிவாவார்.

அதனால் குறைந்தது இவை வேண்டும்: கடந்த 28 நாளில் ஒவ்வொரு போதைப்பொருளும் எடுத்த நாட்கள், ஊசி போட்ட நாட்கள், சிறுநீர்ப் பரிசோதனை, வேலைக்குப் போன நாட்கள், உடல்நலம், மனநலம், வாழ்க்கைத்தரம், பொலிஸ் அல்லது நீதிமன்றச் சிக்கல், வீட்டு நிலை. இவற்றோடு இரண்டு விடயங்களைக் கேள்வி கேட்காமல் பதிவேட்டிலிருந்தே எடுக்கலாம்: சிகிச்சையில் எத்தனை நாள் நீடித்தார், உயிரோடு இருக்கிறாரா.

புதிதாகப் படிவம் உருவாக்க வேண்டாம் என்பதே எங்கள் அழுத்தமான கருத்து. இங்கிலாந்தில் உருவாக்கி 2008இல் ஆய்வாக வெளியிடப்பட்ட 'ட்ரீட்மன்ட் அவுட்கம்ஸ் புரொஃபைல்' (சுருக்கமாக 'டாப்') 20 கேள்விகளில் மேற்சொன்ன பெரும்பாலானவற்றைக் கேட்கிறது. பழகியவருக்கு 10 நிமிடம் அளவில் முடிந்துவிடும். 1980இல் வந்த 'அடிக்‌ஷன் சிவியரிட்டி இன்டெக்ஸ்' 7 துறைகளை ஆழமாகத் தோண்டுகிறது. ஆனால் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும், வெளிநோயாளர் கிளினிக்கில் நீடிக்காது. மனச்சோர்வுக்கு 'பி.எச்.கியூ-9' போதும்: 9 கேள்விகள், 0 முதல் 27 வரை புள்ளி, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம். அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எந்த விடை வந்தாலும் படிவத்தை மூடிவிட்டு அந்த நேரமே வைத்தியரிடம் அழைத்துப்போக வேண்டும். வாழ்க்கைத்தரத்தை விரிவாகப் பார்க்க விரும்பினால் உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம் தமிழிலேயே இருக்கிறது.

ஹெரோயினை நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறிகளை அளக்கும் 'கவ்ஸ்' அட்டவணையை இதற்குள் கலக்காதீர்கள். நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணி விரிவு, கொட்டாவி, மயிர்க்கூச்சு என்று 11 விடயங்களைப் பார்த்துப் புள்ளி போடும் அட்டவணை அது. 5 முதல் 12 வரை மெல்லியது, 13 முதல் 24 வரை நடுத்தரம், 25 முதல் 36 வரை சற்றுக் கடுமை, 36க்கு மேல் மிகக் கடுமை. முதல் சில நாள் மருந்தைத் தீர்மானிக்க அது அவசியம். ஆனால் பத்தாவது நாளில் புள்ளி பூச்சியத்துக்கு வருவது ஹெரோயின் உடம்பை விட்டுப் போனதைத்தான் காட்டும். சிகிச்சையின் பெறுபேறு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எப்போது அளப்பது

தொடக்க அளவீட்டை சிகிச்சை தொடங்கும் நாளுக்கு முன்னும் பின்னும் 2 கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எடுத்தால் பாவனை ஏற்கெனவே குறைந்திருக்கும், நீங்கள் காட்டும் முன்னேற்றம் இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும். கடுமையான விலகல் அறிகுறியில் துடிப்பவரிடம் முதல் மணித்தியாலத்தில் 20 கேள்வி கேட்கவும் கூடாது. பெயர், தொடர்பு விபரம், கடைசியாக எப்போது எடுத்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். மீதியை மூன்றாம் நான்காம் நாளில், சோறு தண்ணி உள்ளே போன பிறகு கேட்கலாம். கேட்கும் 28 நாள் மட்டும் சிகிச்சை தொடங்குவதற்கு முந்திய 28 நாளாக இருக்க வேண்டும்.

பிறகு 4ஆம் கிழமை, 12ஆம் கிழமை, 6ஆம் மாதம், 12ஆம் மாதம். 12ஆம் கிழமை மீளாய்வை 10 முதல் 14ஆம் கிழமைக்குள் எப்போது எடுத்தாலும் ஏற்கலாம் என்று முன்பே எழுதி வையுங்கள். வெளியேறும்போது ஒரு அளவீடு. விடுதியில் தங்கி நச்சுநீக்கம் முடித்துப் போனவர் என்றால், வெளியேறிய 7ஆம் நாளும் 14ஆம் நாளும் கட்டாயம் தொடர்பு கொள்ள வேண்டும். அந்த இரண்டு கிழமை மிகவும் ஆபத்தானது. உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும்போது பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிறையிலிருந்து வெளியே வருபவருக்கும் இதே ஆபத்து. ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு, எழுப்பினாலும் எழும்பாத நிலை, இழுத்து இழுத்து விடும் மூச்சு: இவற்றை வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து, கண்டவுடன் 1990 அம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். அளவீட்டுக்காக எடுக்கும் அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே இதையும் சொல்லி முடிக்கலாம்.

28 நாள் கணக்கை எடுப்பது

முழு வேலையிலும் திறமை தேவைப்படும் இடம் இதுதான். "மாதத்துக்கு எத்தனை நாள் எடுப்பீங்க?" என்று கேட்டால் கிடைப்பது ஊகம். கலண்டரை மேசையில் விரித்து வைத்து, நேற்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும்.

முதலில் போதைப்பொருளைப் பற்றிக் கேட்காமல் நாட்களுக்கு அடையாளம் போடுங்கள். பூரணை விடுமுறை எந்த நாள், சம்பளம் கிடைத்தது எந்த நாள், மாமாங்கத் திருவிழாவோ கல்முனைக்குடி கொடியேற்றமோ அந்த மாதத்தில் வந்ததா, செத்தவீடு, கல்யாணவீடு, பொலிஸ் பிடித்த நாள், மழையால் வள்ளம் இறங்காத நாட்கள். பிறகு ஒவ்வொரு நாளாக:

"நேத்து எடுத்தீங்களா தம்பி? முந்தநாள்? அதுக்கு முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிஞ்சு மச்சானோட போனெண்டு சொன்னீங்க, அண்டைக்கு?"

இப்படிப் போனால் முதலில் "பத்து நாள் இருக்கும்" என்றவர் பதினெட்டு நாள் சொல்லலாம், பன்னிரண்டும் சொல்லலாம். ஒரு நாளில் ஒரு தரம் எடுத்தாலும் அது ஒரு நாள், ஐந்து தரம் எடுத்தாலும் ஒரு நாள். ஒவ்வொரு கிழமைக்கும் 0 முதல் 7 வரை ஒரு எண் எழுதி, நான்கு கிழமையையும் கூட்டினால் 0 முதல் 28 வரை ஒரு மொத்தம். ஹெரோயினுக்கு ஒரு வரி, மற்ற ஓபியாயிட் குளிசைகளுக்கு ஒரு வரி, ஐஸுக்கு ஒரு வரி, கஞ்சாவுக்கு, மதுவுக்கு, பிரிகபலின் போன்ற குளிசைகளுக்குத் தனித்தனி வரி. புகைத்தாரா, ஊசியா என்பதையும் குறியுங்கள். இலங்கையில் ஹெரோயினைத் தாளில் சூடாக்கி உறிஞ்சுபவர்களே அதிகம். அதற்காக ஊசிக் கேள்வியை விட்டுவிட முடியாது. ஊசி போட்டவருக்கு எச்.ஐ.வி., மஞ்சட்காமாலை பி, சி பரிசோதனைகளும் அந்தப் பக்கத்திலேயே பதியப்பட வேண்டும்.

எத்தனை பக்கெட் என்று கேட்பதைப் பலர் விரும்புகிறார்கள். எழுதி வைப்பதில் தவறில்லை, ஆனால் அதை முதன்மை அளவாக எடுக்காதீர்கள். பக்கெட்டின் நிறையும் தூய்மையும் விற்பவருக்கு விற்பவர், மாதத்துக்கு மாதம் மாறும். நாட்களின் எண்ணிக்கைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இந்தக் கணக்கைக் கவிழ்க்கும் பொறி ஒன்று உண்டு. 28 நாளில் 20 நாள் விளக்கமறியலில் இருந்தவர் "எடுக்கவில்லை" என்பார், உண்மையும் அதுதான். அவர் வெளியே இருந்த 8 நாளில் 6 நாள் எடுத்திருந்தால், 28இல் 6 என்பது நல்ல பெறுபேறு போலத் தெரியும். உண்மையில் அது 8இல் 6. ஆகவே சிறை, விடுதி, வைத்தியசாலையில் இருந்த நாட்களுக்கு ஒரு தனிக் கட்டம் வையுங்கள். வெளியே இருந்த நாட்களை மட்டும் வகுக்கும் எண்ணாக எடுங்கள். கந்தகாடு போன்ற புனர்வாழ்வு நிலையத்திலிருந்து நேரே உங்களிடம் வருபவருக்கு, உள்ளே போவதற்கு முந்திய 28 நாளே தொடக்க அளவு.

உடல்நலம், மனநலம், வாழ்க்கைத்தரம் மூன்றுக்கும் டாப் படிவத்தில் 0 முதல் 20 வரை ஒரு கோடு இருக்கிறது. வாசிக்கத் தயங்குபவர் கையால் தொட்டுக் காட்டட்டும். முதல்முறை எங்கே தொட்டார் என்பதை மீளாய்வில் காட்டாதீர்கள், காட்டினால் அதற்கு மேலேதான் தொடுவார்.

சிறுநீர்ப் பரிசோதனை

நோயாளி சொல்வதைப் பொய்யென்று நிரூபிக்கும் கருவி என்று இதை நினைத்தால் பயன் போய்விடும். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. ஹெரோயின் எடுத்தவரின் சிறுநீரில் ஓபியேட் ஸ்ட்ரிப் (சிறுநீரில் அமிழ்த்தும் சோதனைப் பட்டி) 2 முதல் 3 நாள் வரைதான் பொதுவாகப் பிடிக்கும். பத்து நாளைக்கு முன் எடுத்ததை அது சொல்லாது. கிளினிக் நாள் தெரிந்தவர் மூன்று நாள் பொறுத்துக்கொண்டு வரலாம். 28 நாள் கணக்கு பரந்தது, ஸ்ட்ரிப் கூர்மையானது, இரண்டும் வேண்டும். சாத்தியமானால் பரிசோதனை நாளை முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு நாள் அறிவிப்பில் கூப்பிடுங்கள்.

செய்முறை: பெயர் எழுதாத, குறியீட்டு எண் மட்டும் ஒட்டிய குப்பியில் 30 மி.லீ. அளவு. வாங்கிய 4 நிமிடத்துக்குள் வெப்பநிலை 32 முதல் 38 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இதைக் காட்டும் பட்டி ஒட்டிய குப்பிகள் கிடைக்கின்றன. இந்தச் சோதனை ஒன்று இருந்தாலே கழிவறைக்குள் ஆள் நின்று பார்க்கும் அவமானத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஸ்ட்ரிப்பின் உறையை மாதிரி கைக்கு வந்த பிறகே கிழியுங்கள். கோட்டுக்கு மேலே நனையாமல் அமிழ்த்தி, தயாரிப்பாளரின் தாளில் சொன்ன விநாடிகள் பிடித்து, சமதளத்தில் வையுங்கள். வழக்கமாக 5ஆவது நிமிடத்தில் வாசிக்க வேண்டும், 10 நிமிடம் தாண்டினால் வாசிக்கவே கூடாது.

கோடு இல்லாவிட்டால் பொசிட்டிவ் என்பது புதியவர்களைத் தடுமாற வைக்கும். மேலே உள்ள கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் தெரிந்தால் பொசிட்டிவ். இரண்டு கோடும் தெரிந்தால் நெகட்டிவ், இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் நெகட்டிவ்தான். "லேசா இருக்கு, கொஞ்சம் எடுத்திருக்கார் போல" என்று சொல்வது பிழை. கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் ஸ்ட்ரிப் பழுது, புதியது எடுங்கள்.

பழுதாவதற்கு இங்கே காரணம் பெரும்பாலும் வெப்பமும் ஈரமும். கிட்களைப் பொதுவாக 2 முதல் 30 பாகைக்குள் வைக்கச் சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே உள்ள அலுமாரி அந்த எல்லையைத் தாண்டிவிடும், வாகனத்தின் பின்பெட்டி இன்னும் மோசம். மருந்தகத்தின் குளிரூட்டிய அறையில் வைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள்.

ஸ்ட்ரிப் எதைப் பிடிக்காது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது இன்னும் முக்கியம். சாதாரண ஓபியேட் ஸ்ட்ரிப் தேடுவது, ஹெரோயின் உடம்பில் மாறி உருவாகும் மோர்பினை. ட்ரமடோல், பென்டனில், ஹெரோயினுக்குப் பதிலாகச் சிகிச்சையில் கொடுக்கும் மெதடோன், புப்ரநோர்பின் ஆகியவற்றை அது பிடிக்காது. பிரிகபலின் ஓபியாயிட்டே அல்ல, அதுவும் சிக்காது. சந்தையில் ஹெரோயின் தட்டுப்பாடான மாதத்தில் கிளினிக்கின் நெகட்டிவ் எண்ணிக்கை திடீரென ஏறினால், கொண்டாடுவதற்கு முன் 28 நாள் படிவத்தின் குளிசை வரியைப் பாருங்கள்.

பொய்யான பொசிட்டிவும் உண்டு. கொடீன் கலந்த இருமல் பாணியும் கொடீன் சேர்ந்த வலிக்குளிசையும் பொசிட்டிவ் காட்டும். அபின் செடியின் விதையை அரைத்துப் போட்ட கறியும் காட்டலாம். நோன்பு காலத்தில் "சர்பத் குடிச்சேன், அதுல கசகசா" என்று ஒருவர் சொன்னால், அதில் ஊறிய கறுத்த விதை துளசி இனத்தைச் சேர்ந்தது, அதால் பொசிட்டிவ் வராது. அடையாள வரம்பு (ஸ்ட்ரிப் பொசிட்டிவ் காட்டத் தேவையான குறைந்த அளவு) மில்லிலீட்டருக்கு 300 நானோகிராமா 2000 நானோகிராமா என்பதைப் பெட்டியில் பார்த்து எழுதி வையுங்கள். 300இல் உணவும் இருமல் பாணியும் அதிகம் சிக்கும். கிட் மாறிய மாதத்தில் எண்களும் மாறும், அதை நோயாளிகளின் மாற்றமாக எண்ணிவிடக் கூடாது.

ஸ்ட்ரிப் முடிவு முதற்கட்டம் மட்டுமே. ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்தாத முடிவை நீதிமன்றத்துக்கோ வேலை கொடுப்பவருக்கோ அனுப்பக் கூடாது.

நோயாளி "எடுக்கவில்லை" என்கிறார், ஸ்ட்ரிப் பொசிட்டிவ். இரண்டையும் அப்படியே பதியுங்கள், கணக்கிடும்போது "பாவனை உண்டு" என்று எடுங்கள். அவரிடம் ஸ்ட்ரிப்பைக் காட்டி அமைதியாகப் பேசுங்கள். பொசிட்டிவ் வந்ததற்காகக் கிளினிக்கிலிருந்து நிறுத்துவது, வீட்டுக்குச் சொல்வது, பொலிஸுக்குச் சொல்வது எதுவும் கூடாது. ஒரு தடவை அப்படிச் செய்தால் போதும், அந்தச் செய்தி ஒரு கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவும். அதற்குப் பிறகு உங்கள் படிவத்தில் எழுதும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. உதவி மிகவும் தேவைப்படுபவரே முதலில் வராமல் நின்றுவிடுவார்.

கேட்பவர் யார்

சிகிச்சை கொடுப்பவர் தானே அளக்கக் கூடாது. நோயாளி அவரை மகிழ்விக்கப் பார்ப்பார், அவரும் தன் வேலை வெற்றி என்று காட்டப் பார்ப்பார். இரண்டு பேர் மட்டும் உள்ள இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்: தாதியின் நோயாளிகளை உளவளத்துணையாளர் அளக்கட்டும், அவருடையவர்களைத் தாதி அளக்கட்டும். தாயோ மனைவியோ பக்கத்தில் இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். பெண் நோயாளிக்குத் தனி நேரமும் பெண் உத்தியோகத்தரும் வேண்டும். அம்பாறை நகரப் பக்கம் சிங்களம் பேசுபவருக்கு அவர் மொழியில் படிவம் இல்லாமல் வாய்மொழியாகப் பெயர்த்துக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்பார்கள். இரண்டு மொழியிலும் படிவத்தை அச்சடித்து வையுங்கள்.

காணாமல் போனவர்களைத் தேடுவது

முதல் நாளே ஒரு தொடர்புத் தாள் நிரப்புங்கள். சொந்த இலக்கம், வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் இலக்கம், வீட்டுக்கு வெளியே ஒருவரின் இலக்கம் (படகுச் சொந்தக்காரர், மேசன் பாஸ், சிநேகிதன்). கிராம உத்தியோகத்தர் பிரிவும், வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலோ பள்ளியோ கடையோ. ஒவ்வொரு இலக்கத்துக்கும் எதிரே "யார் எடுத்தால் என்ன சொல்லலாம்" என்று நோயாளியின் சொல்லிலேயே எழுதி, கையொப்பம் வாங்குங்கள். கிளினிக் பெயரைச் சொல்லாமல், உங்கள் பெயரை மட்டும் சொல்லிப் பேசும் வழக்கமே பாதுகாப்பானது. ஒரே போனை வீட்டில் நாலு பேர் பாவிக்கும் இடத்தில் வட்ஸ்அப் குரல் செய்தி அனுப்பாதீர்கள்.

வராதவரை இரண்டு கிழமைக்குள் ஐந்து தரம், வெவ்வேறு நேரத்தில் அழையுங்கள். மீனவரை விடியற்காலை பிடிக்க முடியாது, வெள்ளி மதியம் முஸ்லிம் ஊர்களில் யாரும் எடுக்க மாட்டார்கள். தொலைபேசியிலேயே 28 நாள் கணக்கை எடுக்கலாம், எடுத்த முறையைப் படிவத்தில் குறியுங்கள்.

கடைசியாக ஒவ்வொருவருக்கும் இந்த எட்டில் ஒரு குறி இருக்க வேண்டும்: தொடர்கிறார், திட்டப்படி முடித்தார், வேறு இடத்தில் சேர்ந்தது உறுதி, சிறை அல்லது விளக்கமறியல், வெளிநாடு அல்லது வெளியூர், விலகினார், இறந்தார், தெரியாது. விலகிய திகதி என்பது நீங்கள் கோவையை மூடிய நாள் அல்ல, அவரைக் கடைசியாக நேரில் கண்ட நாள். இந்த ஒரு பிழை நீடிப்புக் காலத்தை மாதக்கணக்கில் நீட்டிவிடும். மரணம் என்று கேள்விப்பட்டால் திகதியும் காரணமும் கேட்டு எழுதுங்கள். "தெரியாது" பட்டியலுக்குள் மரணங்கள் மறைந்து போவதுதான் இந்தத் துறையின் மிக மோசமான இருட்டு.

கணக்கிடுவது

முதலில் சொன்ன 40 பேரை மறுபடி எடுப்போம். 12ஆம் கிழமையில் தொடர்பவர் 22, முடித்தவரும் வேறிடம் சேர்ந்தவரும் 3, விளக்கமறியல் 4, வெளிநாடு 2, விலகியவர் 6, இறந்தவர் 1, தெரியாதவர் 2. நீடிப்பு வீதம் 40இல் 22, அதாவது 55 வீதம். மாதிரி கொடுத்த 20 பேரில் 15 நெகட்டிவ். அறிக்கையில் மூன்று எண்களையும் ஒன்றாக எழுதுங்கள்: மாதிரி கொடுத்தவர்களில் 75 வீதம், தொடங்கிய எல்லோரிலும் 37.5 வீதம். மாதிரி கொடுக்காதவர்களில் உயிரோடு உள்ள 19 பேரும் விட்டிருந்தால் அதிகபட்சம் 85 வீதம். உண்மை 37.5க்கும் 85க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இடைவெளி அகலமாக இருந்தால் தேடும் வேலை போதவில்லை என்று அர்த்தம். இன்னும் பத்துப் பேரைக் கண்டுபிடித்தால் அது சுருங்கும்.

ஒருவருடைய மாற்றம் உண்மையானதா, சாதாரண ஏற்ற இறக்கமா என்று பார்க்க, டாப் முறையில் ஓபியேட்டுக்கு 13 நாள் என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் 7, 7, 5, 6 என்று 25 நாள் எடுத்தவர், மீளாய்வில் 2, 1, 0, 1 என்று 4 நாள் எடுத்தால் வித்தியாசம் 21, நம்பத்தக்க முன்னேற்றம். 25இலிருந்து 16க்கு வந்தவரின் வித்தியாசம் 9. அதை வைத்து மட்டும் முன்னேற்றம் என்று பதிய முடியாது, அடுத்த மீளாய்வைப் பார்க்க வேண்டும். குழுவுக்குச் சராசரியைவிட இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) கொடுங்கள். இரண்டு பேர் 28 நாளும் எடுத்தால் சராசரி ஆடிப்போகும். பத்துப் பேருக்குக் குறைந்த குழுவுக்கு வீதம் போடாமல் ஆட்களின் எண்ணிக்கையை எழுதுங்கள்.

போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சை, புனர்வாழ்வுக்கான 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அனுப்பியவர்களையும் தாமாக வந்தவர்களையும் தனித்தனியாகக் காட்டுங்கள். வர வேண்டிய கட்டாயம் இருப்பவரின் நீடிப்பு இயல்பாகவே கூடியிருக்கும். மெதடோன் அல்லது புப்ரநோர்பின் கொடுக்கும் இடம் என்றால் மருந்தளவையும் பதியுங்கள். மெதடோன் பெரும்பாலானவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 120 மி.கி. வரை தேவைப்படும், குறைந்த அளவில் நிறுத்தி வைத்தால் ஆட்கள் விலகிப்போவார்கள். அப்போது எண் காட்டும் தோல்விக்குக் காரணம் நோயாளி அல்ல, மருந்தளவு. மருந்தை நிறுத்துவதை வெற்றியாக எண்ணாதீர்கள், அதில் நீடித்திருப்பதே நல்ல பெறுபேறு. 3 நாளோ அதற்கு மேலோ தவறவிட்டவருக்குப் பழைய அளவை அப்படியே கொடுக்காமல் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

இந்தக் கரையின் காலக்கணக்கு

ஐப்பசியில் தொடங்கியவரைத் தையில் மீளாய்வு செய்கிறீர்கள். இடையில் வாடைக்காற்று, வெள்ளம், கடல் கொந்தளிப்பு. தொழில் இல்லை, கையில் காசில்லை, அதனால் பாவனை குறைந்திருக்கலாம். வேலை நாட்களும் குறைந்திருக்கும். முதலாவதைச் சிகிச்சையின் வெற்றி என்றும் இரண்டாவதை அதன் தோல்வி என்றும் எழுதினால் இரண்டும் பிழை. பெரும்போக அறுவடையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில் இது தலைகீழாகும். ஒரே பருவத்தை ஒரே பருவத்தோடு ஒப்பிடுங்கள்: இந்த வருடத் தை மாத மீளாய்வை அடுத்த வருடத் தையோடு. வேலை நாள் எண்ணுக்குப் பக்கத்தில் "அந்த மாதம் தொழில் நடந்த நாட்கள்" என்று ஒரு கட்டம் வைத்தால் போதும்.

நோன்பு மாதத்தில் வருகை குறைவதைச் சிகிச்சையிலிருந்து விலகியதாகப் பதியாதீர்கள். கிளினிக் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். தினமும் வாயால் மருந்து எடுப்பவருக்கு நோன்பு திறந்த பிறகோ ஸஹருக்கோ கொடுக்கும் ஒழுங்கை வைத்தியர் முன்கூட்டியே தீர்மானிக்கட்டும்.

பதிவைப் பாதுகாப்பது

பெயரும் குறியீட்டு எண்ணும் சேர்ந்துள்ள புத்தகம் ஒன்று மட்டும், பூட்டிய அலுமாரியில். கணினியில் குறியீட்டு எண் மட்டும். காத்தான்குடி, ஏறாவூர் போல வீடுகள் நெருங்கிய ஊர்களில் வயதும் தொழிலும் வீதியும் சேர்ந்தாலே ஆளைத் தெரிந்துவிடும், ஆகவே வெளியே போகும் அறிக்கையில் கிராமப் பிரிவைப் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாக வகைப்படுத்துகிறது.

எண்களை வைத்து என்ன செய்வது

மூன்று மாதத்துக்கு ஒரு பக்கம் போதும்: புதிதாகத் தொடங்கியவர், 4ஆம் கிழமையும் 12ஆம் கிழமையும் நீடிப்பவர், எட்டுக் குறிகளின் எண்ணிக்கை, 28 நாள் கணக்கின் இடைநிலை, நம்பத்தக்க முன்னேற்றம் கண்டவர், சிறுநீர் முடிவின் மூன்று எண்கள், மனநலப் புள்ளி, மரணம்.

அந்தப் பக்கத்தைக் குழுவாக உட்கார்ந்து வாசியுங்கள். முதல் 4 கிழமையிலேயே ஆட்கள் உதிர்ந்தால், முதல் சந்திப்புக்கும் இரண்டாம் சந்திப்புக்கும் இடையில் எத்தனை நாள் காத்திருந்தார்கள், பஸ் செலவு எவ்வளவு, விலகல் அறிகுறிக்குப் போதிய மருந்து கிடைத்ததா என்று பாருங்கள். 12 கிழமைக்குப் பிறகு உதிர்ந்தால் வேலை, வீடு, மனச்சோர்வு பக்கம் தேடுங்கள். ஹெரோயின் நாட்கள் குறைந்து ஐஸ் நாட்கள் கூடினால் அதற்கான உளவளத்துணை வேறு, அதைத் தனியே திட்டமிடுங்கள். ஒரு மரணம் இருந்தால், அந்த ஆளின் கடைசி 30 நாள் கோவையை யாரையும் குற்றம் சாட்டாமல் வரிவரியாக வாசித்து, எந்தத் தொடர்பு தவறியது என்று கண்டுபிடித்து, அடுத்த கிழமையே அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய 28 நாள் எண்களைச் சின்ன வரைபடமாகக் கீறிக் காட்டுங்கள். ஏறியிருந்தால் அந்தக் கிழமையில் என்ன நடந்தது என்று அவரே சொல்லட்டும், சொல்வதை அதே பக்கத்தில் எழுதுங்கள். எழும்பிப் போவதற்கு முன் அடுத்த மீளாய்வுத் திகதியைக் கிளினிக் அட்டையில் எழுதி, தொலைபேசி இலக்கங்கள் மாறியிருக்கின்றனவா என்று கேட்டுத் தொடர்புத் தாளைத் திருத்துங்கள்.